அப்பா பேருக்குப் போன என் ரசீது

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நன்கொடை ரசீதுகளை எடுத்துட்டுப் போய் ஆடிட்டர்கிட்ட குடுக்கணும். தேனி அல்லிநகரத்துல இருக்கற என் பெயிண்ட் கடையில இருந்து அவரு ஆபீசுக்கு நடந்தே போயிடலாம். போக வர அரை மணி நேரம்.

ஒரு வாரம் ஆச்சு.

ஆரம்பிச்சு வச்சது பிளைவுட் கடை தங்கராசு. என் கடைக்கு நாலு கடை தள்ளி அவரு கடை. காலையில டீக்கடையில வடையப் பிச்சுக்கிட்டே சொன்னாரு.

"நாமல்லாம் கேட்ட வரிய அப்படியே கட்டுற ஆளுகளா செல்வம்? போன வருசம் ஒரு டிரஸ்டுக்கு நன்கொடை குடுத்தேன். எண்பது ஜினு ஒரு பிரிவு இருக்கு. அதுல கழிச்சு விட்டாச்சு. புண்ணியத்துக்குப் புண்ணியம், மிச்சத்துக்கு மிச்சம்!"

எனக்கு டீ இறங்கல.

நான் குடுக்காத நன்கொடையா? தேனியில வசூல் நோட்டோட எவன் வந்தாலும் முதல்ல ஏறுற படி என் கடைப்படிதான். இல்லைனு சொன்னதே கிடையாது. அதுக்குக் காரணம் என் இரக்க குணம்னு நெனச்சுராதீக. காரணம் எங்கப்பா.

எங்கப்பா மாரிமுத்து. இந்தக் கடைய ஆரம்பிச்சவரு. கோயில் வசூல்காரவுக தெருமுனையில திரும்பும்போதே அவருக்குத் தெரிஞ்சு போகும். உடனே டிஸ்டெம்பர் பக்கெட்டுகளுக்குப் பின்னாடி குத்தவச்சு உக்காந்துக்குவாரு.

"ஏலே, அப்பா போடிக்குப் போயிருக்காருனு சொல்லு!"

நான் சொல்லுவேன். வந்தவுக, "எப்பத் திரும்புவாரு?"னு கேப்பாக. நான் முழிப்பேன். பக்கெட்டுக்குப் பின்னாடி இருந்து, "சாயந்தரம் ஆகும்"னு பதில் வரும்.

அந்த அவமானத்துல வளந்தவன் நான். அதனால கடை என் கைக்கு வந்த நாள்ல இருந்து, எவன் கேட்டாலும் குடுக்கறது. வள்ளல் ஆகறதுக்கு இதைவிடக் கேவலமான காரணம் யாருக்கும் இருக்காது.

அது போக, நான் வரி கட்டுற ஆளு. வருசா வருசம் ஆடி மாசம் ஆடிட்டர் ராஜாமணி போன் பண்ணுவாரு. "செல்வக்குமார், மூவாயிரத்து ஐநூறு அனுப்பிருங்க." போன்லயே அனுப்பிருவேன். அன்னைக்குப் பூரா நெஞ்சு நிமிந்தே இருக்கும். பைபாஸ்ல வண்டியில போறப்ப ரோட்டப் பாத்தா, இதுல ஒரு முழம் நம்மளுதுனு தோணும்.

அந்த வரியில கழிக்காம விட்டா நான் என்ன வியாபாரி?

வீட்டுக்குப் போய் ரசீது தேட ஆரம்பிச்சேன். சாமி படத்துக்குப் பின்னாடி, பிரிட்ஜ் மேல, கேஸ் புத்தகத்துக்குள்ளனு வீடு பூராவும் தர்மம் சிதறிக் கெடந்துச்சு. என் வீட்டம்மா முத்துலட்சுமி இடுப்புல கைய வச்சுப் பாத்துக்கிட்டு நின்னா.

"குடுக்கும்போது ஊரக் கூட்டிக் குடுப்பீக. ரசீத மட்டும் எங்கிட்ட கேப்பீக."

மஞ்சள், பச்சை, ரோஸ்னு கலர் கலரா ஒரு கட்டு சேந்துச்சு. ரப்பர் பேண்டு போட்டு, ஜம்முனு ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன்.

ராஜாமணி சார் சிரிச்சு நான் பாத்ததில்ல. கட்டப் பிரிச்சு, ஒவ்வொண்ணா எடுத்து வெளக்கு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு.

"இது என்ன?"

"அம்மன் கோயில் திருவிழா சார். ஐயாயிரத்து ஒண்ணு."

"இதுக்கு எண்பது ஜி இல்லியே."

"அம்மன் படமே போட்டிருக்கு சார்!"

"அம்மன் இருக்காக. கமிட்டிக்கு அனுமதி இல்ல."

ஓரமா வச்சாரு. அடுத்தது கபடிப் போட்டி. ஓரமா வச்சாரு. அடுத்தது சர்ச் திருவிழா, பட்டிமன்றம், இளைஞர் மன்ற ஆண்டுவிழா. எல்லாம் ஓரமாப் போச்சு. ஒரே ஒரு டிரஸ்டு ரசீதுல மட்டும் கை நின்னுச்சு. எனக்கு உசுரு வந்துச்சு.

"பணமாக் குடுத்தீகளா?"

"ஆமா சார். கையில ரொக்கமா. சுளையா மூவாயிரம்!"

"ரொக்கம் ரெண்டாயிரத்துக்கு மேல போனா செல்லாது."

"அப்ப ரெண்டாயிரத்துக்கு மட்டும் போட்டுக்கங்க."

"அப்படியெல்லாம் கிள்ளி எடுக்க முடியாது."

ஓரமா வச்சாரு.

"சார், ரசீது இல்லாம ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்துச் சுவத்துக்குப் பத்து பக்கெட் டிஸ்டெம்பர் குடுத்திருக்கேன். போய்ப் பாருங்க, அங்கன எழுதியே இருக்கும். உபயம், செல்வம் பெயிண்ட்ஸ், அல்லிநகரம், போன் நம்பரோட."

"பொருளாக் குடுத்தா கழிவு கிடையாது. போன் நம்பரோட எழுதினா அது தர்மமும் கிடையாது, விளம்பரம்."

"சரி, விளம்பரச் செலவுனே கழிச்சுருவோம்."

"அது கணக்கு எழுதுற வியாபாரிக்கு. நீங்கதான் கணக்கே எழுத மாட்டேன்னு மொத்த விற்பனையில இத்தனை சதம் லாபம்னு காட்டிட்டுப் போற ஆளாச்சே. அந்தச் சதத்துக்குள்ள எல்லாச் செலவும் அடங்கிருச்சு."

ஓரமா வைக்கறதுக்கு அந்தத் தடவை காகிதம் இல்லாததால என்னைய ஒரு தடவை பாத்தாரு.

கடைசியா கட்டுக்கு அடியில ஒரு வெள்ளைத் தாள். காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம். கன்னியாஸ்திரீக நடத்துறது. போன வருசம் எங்கப்பா திதி அன்னைக்கு நேர்ல போய், ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பத்தாயிரம் போன்ல அனுப்பினேன். அவுக ஆன்லைன்ல ஏத்தி முறையாச் சான்றிதழ் அனுப்பியிருந்தாக.

ராஜாமணி சார் முகத்துல முதல் தடவையா ஒரு வெளிச்சம்.

"இது கரெக்ட். எண்பது ஜி இருக்கு. நம்பர் இருக்கு. பான் இருக்கு. பேரு..."

வெளிச்சம் அணைஞ்சுச்சு.

"மாரிமுத்து யாரு?"

"எங்கப்பா சார்."

"அவருக்கு ரிட்டர்ன் போடுறீகளா?"

"அவரு காலமாகி நாலு வருசம் ஆச்சு சார்."

கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. "காலமானவரு போன வருசம் போன்ல பணம் அனுப்பியிருக்காரா?"

நடந்தது இதுதான். பணம் குடுத்த அன்னைக்கு அந்த இல்லத்து சிஸ்டர் விமலா என்னையக் கேட்டாக. "ரசீது யார் பேர்ல போடட்டும் தம்பி?"

திதி குடுத்துட்டு வந்த ஈர மனசு. நம்ம பக்கத்துல அந்த நேரத்துல எவன் தன் பேரச் சொல்லுவான்? "அப்பா பேர்லயே போடுங்க சிஸ்டர்"னு சொன்னேன். பான் கார்டு போட்டோ கேட்டாக. பேங்க்ல அப்பா கணக்க முடிக்கறதுக்காக எடுத்து வச்ச அவரு பான் கார்டுதான் போன்ல இருந்துச்சு. பெருமையா அதையும் அனுப்பி வச்சேன்.

ஆக, வாழ்நாள் பூரா பக்கெட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்ச மனுசன், செத்து மூணு வருசம் கழிச்சு அரசாங்க ஏட்டுல கொடையாளி ஆயிட்டாரு. குடுத்த நான் யாருமே இல்ல!

"அங்கன போய்ப் பேரையும் பான் நம்பரையும் திருத்தி ஏத்தச் சொல்லுங்க. திருத்தலாம். சீக்கிரம் பண்ணுங்க, கடைசித் தேதி வருது"னு சொல்லி, ரசீதுக் கட்ட ரப்பர் பேண்டோட திருப்பிக் குடுத்துட்டாரு.

மறுநாள் காலையில கம்பம் பஸ் ஏறப் போனேன். முத்துலட்சுமி வாசல்ல மறிச்சா.

"வயசானவுக இருக்கற எடத்துக்கு வெறுங்கையோடயா போவீக?"

"பேரு மாத்தத்தான போறேன்?"

"ரெண்டு கிலோ திராட்சையும் ரஸ்க்கும் வாங்கிட்டுப் போங்க."

"ரஸ்க்குக்கு எங்க காசு இருக்கு?"

அவ பாத்த பார்வையில திராட்சை மூணு கிலோ ஆச்சு. சின்னமனூருல டிரைவர் ஒரு பிரேக் போட்டாரு. மடியில இருந்த பன்னீர் திராட்சை பாதி என் வெள்ளை வேட்டியிலயே சாறாயிருச்சு. கம்பத்துல இறங்கி டவுன் பஸ் மாறி, இல்லத்து வாசல்ல நிக்கறப்ப நான் எங்கயோ வெட்டுப்பட்டு வந்தவன் மாதிரிதான் இருந்தேன்.

கேட்டுப் பக்கத்துல ஒரு கறுப்புப் பலகை. "இன்றைய உணவு: அமரர்"னு மேல, "நினைவாக"னு கீழ, ரெண்டும் பளபளனு எனாமல் எழுத்து. நடுவுல பேரு எழுத மட்டும் காலி எடம், சாக்பீசுக்கு.

அந்த எனாமல் என்னுதுதான். போன வருசம் சாப்பாட்டு ஹால் சுவத்துல, "நமக்கு உணவளித்த அமரர்கள்"னு ஒரு பட்டியலப் பாத்தேன். எங்கப்பா பேரையும் அன்னைக்கே அதுல சேத்தாக. ஆனா ஏதோ தண்ணியில கரைச்ச வண்ணம். கை பட்டாலே மாவு மாதிரி ஒட்டுச்சு. பெயிண்ட் கடைக்காரனுக்குப் பொறுக்குமா? "என்ன சிஸ்டர் இது! நம்ம எனாமல் அனுப்புறேன். எழுதினா பத்து வருசத்துக்கு உரியாது. நான் கேரண்டி!"னு சொல்லி, மறுநாளே அஞ்சு லிட்டர் டப்பா அனுப்பினேன்.

இந்தப் பத்து வருசத்த மனசுல வச்சுக்கங்க. என்னால மறக்க முடியல.

சாப்பாட்டு ஹாலுக்குள்ள நொழஞ்சா, சுவத்தோரம் ஒரு பெரியவரு ஏணி மேல நின்னு ஏதோ தேதி எழுதிக்கிட்டு இருந்தாரு. பேரு காளியப்பன். ஒரு காலத்துல தேனி, போடி பூராவும் போர்டு எழுதுன பெயிண்டராம். இப்ப இந்த இல்லத்துலதான் இருக்காரு.

"எந்தூரு தம்பி?"

"அல்லிநகரம். செல்வம் பெயிண்ட்ஸ் ஐயா."

பிரஷ் நின்னுச்சு. "மாரிமுத்து மகனா நீ?"

"ஆமாங்கய்யா."

"அப்ப இந்தச் சுவத்துல இருக்கறது அந்த மாரிமுத்தா? நான் வேற எவனோ நல்லவன்னு நெனச்சுல்ல இருந்தேன்!"

ஏணியில இருந்து இறங்கியே வந்துட்டாரு.

"முப்பது வருசம் உங்கப்பன்கிட்டதான் பெயிண்ட் எடுத்தேன். ஒரு தீபாவளிக்காச்சும் ஒரு துண்டு? ஒரு ஸ்வீட்? ஒரே ஒரு தடவை ஒரு காலண்டர் குடுத்தான். எந்த வருசத்து காலண்டர் தெரியுமா? போன வருசத்துது!"

"ஏன் அப்படி?"

"நானும் கேட்டேன். 'தேதிதான மாறும் காளியப்பா, சாமி அதே சாமிதான'னு சொன்னான். அவனுக்குத் தினமும் சாயந்தரம் நான் ஜெபம் வேற பண்ணிக்கிட்டு இருக்கேன்!"

நல்ல நேரத்துக்கு சிஸ்டர் விமலா வந்துட்டாக. என்னைய ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுத்தாக. அங்கன கணக்கு வழக்கெல்லாம் பாக்கற ஜெசிந்தா அக்கா கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தாக.

எப்படிக் கேக்கறது? அப்பா பேர எடுத்துட்டு என் பேரப் போடுங்கனு எந்த மகன் கேப்பான்? அதுவும் வரியில கழிக்கறதுக்கு!

மென்னு முழுங்கி, "சிஸ்டர்... அந்த ரசீதுல பேரு மாத்தணும்"னேன்.

"யார் பேருக்கு?"

"என் பேருக்கு."

சிஸ்டர் என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாக. வேட்டியில இருந்த செவப்பப் பாத்தாக. "நீங்க நல்லாத்தான இருக்கீக தம்பி?"

"நல்லா இருக்கேன் சிஸ்டர். இது வரி விசயம்."

வெளக்கிச் சொன்னேன். அவுக கோவிக்கவே இல்ல. அதுதான் இன்னும் சங்கடமாப் போச்சு. "அப்பாவுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். அதனாலதான் கேட்டேன்"னு மட்டும் சொன்னாக.

வெக்கத்துல எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னைக்குச் சாப்பாடு யாரு உபயம் சிஸ்டர்?"

"இன்னைக்கு யாரும் இல்ல தம்பி. எங்க செலவுதான்."

"அப்ப இன்னைக்கும் என் கணக்கு!"

மதியத்துக்கு மட்டும் ஐயாயிரம் அனுப்பினேன். பேரு மாத்த வந்த எடத்துல கூட ஐயாயிரம். எங்கப்பா இருந்திருந்தா போடிக்கு இல்ல, லோயர் கேம்ப்பத் தாண்டிக் கேரளாவுக்கே ஓடியிருப்பாரு.

சிஸ்டர் திரும்பி, "ஜெசிந்தா, மாரிமுத்துனு எங்கெங்க இருக்கோ, அங்கெல்லாம் செல்வக்குமார்னு மாத்திரும்மா"னாக.

அதோட நான் வாய மூடியிருக்கலாம். "ஆமாக்கா, ஒரு எடம் விடாம மாத்திருங்க. இன்னைக்குள்ளதுக்கும் என் பேருதான். மறுபடியும் குழப்பம் வரக்கூடாது"னு வேற சொன்னேன்.

குழப்பம் வரலைங்க. ஒரு எடம் விடாம மாத்தினாக.

மணி ஒண்ணு. சாப்பிட்டுத்தான் போகணும்னு சிஸ்டர் உக்கார வச்சுட்டாக. வரிசையா நாப்பது பேரு. இலையில சோறு, சாம்பார், அப்பளம், ஓரத்துல என் திராட்சை, மிச்சம் இருந்தது. ஜெசிந்தா அக்கா நோட்டப் பிரிச்சு நின்னாக. எல்லாரும் எந்திரிச்சாக. நானும் எந்திரிச்சேன்.

"இன்னைக்கு நமக்கு உணவளித்த அமரர் செல்வக்குமார் ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிசம் மௌனமா இருப்போம்."

கண்ண மூடிக்கிட்டேன். யாரோ பாவம், நல்ல மனுசன் போலனு நெனச்சேன். போன் அடிச்சுரக்கூடாதேனு பையில கைய விட்டு சைலண்ட்ல வேற போட்டேன்.

பாதி நிமிசம் போனதுக்கப்புறம்தான் உறைச்சுச்சு.

"அக்கா! அது நான்தான்!"

நாப்பது பேரும் கண்ணத் திறந்தாக. பக்கத்து இலை அம்மா ஒருத்தவுக என்னையப் பாத்தாக, என் வேட்டியப் பாத்தாக, இலையக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டாக.

காளியப்பன் மட்டும் நிதானமா அப்பளத்த நொறுக்கினாரு. "உயிரோட இருக்கும்போதே தனக்குத் திதிச் சோறு போட்டு, தானே வந்து சாப்பிடுறான் பாரு. மாரிமுத்து மகன்தான்யா, வீணாக்க மாட்டான்!"

நானும் சிரிச்சேன். நாப்பது பேரோட சேந்து சாப்பாடு நல்லாவே இருந்துச்சு. ரெண்டாவது தடவை ரசம் கூட வாங்கிக்கிட்டேன்.

கைய அலம்பிட்டு வந்து போனை எடுத்தா, இருபத்தேழு மிஸ்டு கால்.

ஜெசிந்தா அக்கா ரொம்பப் பொறுப்பான ஆளு. பேரு மாத்தினதும் கேட்டுப் பலகையில சாக்பீஸால எழுதி, போட்டோ எடுத்து, கொடையாளிக குரூப்புல போட்டிருக்காக. "இன்றைய உணவு: அமரர் செல்வக்குமார், செல்வம் பெயிண்ட்ஸ், அல்லிநகரம், நினைவாக." அந்தக் குரூப்புல நம்ம கடைவீதியே இருக்கு. எப்படி வந்தாகனு கேக்காதீக. போன வருசம் நான் குடுத்த நன்கொடைய நாலு பேரு பாக்கணும்னு எல்லாரையும் சேத்து விட்டவனே நான்தான்.

முத்துலட்சுமிக்கு அடிச்சேன்.

"அலோ, நான்தான்."

அந்தப் பக்கம் அழுகை. வாய்விட்டு, மூச்சு வாங்கி அழுதா. கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல அவ எனக்காக அழுது நான் கேட்டதில்ல. எனக்குச் சிரிப்பெல்லாம் போயிருச்சு. சுவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. ஒண்ணுமில்ல. பேரு மாத்தினதுல வந்த கோளாறு."

ரெண்டு நிமிசம் அழுதா. அதுக்கப்புறம் பேச்சு வந்துச்சு. "ரஸ்க்குக்குக் காசில்லைன்னு சொல்லிட்டுப் போன மனுசன் இப்படி ஆயிட்டீகளேனு நெனச்சேன்! அந்த ரஸ்க்க வாங்கினீகளா இல்லியா?"

"...மறந்துட்டேன்."

அதுக்கப்புறம் அவ பேசினத இங்கன எழுத முடியாது.

சாயந்தரம் அல்லிநகரத்துல வந்து இறங்குனா, கடை ஷட்டர் பாதி இறக்கியிருக்கு. முன்னாடி தங்கராசு, கையில ஒரு ஆள் உசர ரோசா மாலையோட. என்னையப் பாத்ததும் முகத்துல சந்தோசம் வந்துச்சு, அது நிசந்தான். ஆனா கையோட இன்னொண்ணும் வந்துச்சு.

"நல்லவேளை செல்வம்! பதறிட்டேன்யா. சரி, மாலை எண்ணூறு ரூபா. பூக்கடையில திருப்பி எடுக்க மாட்டேங்கறாக."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"உங்களுக்குத்தான வாங்கினேன்?"

குடுத்தேன். மாலைய வீட்டுக்குக் கொண்டு போனா முத்துலட்சுமி என்னைய நிசமாவே சாத்திருவா. அதனால பிள்ளையாருக்குப் போட்டுட்டு வந்தேன். அவருகிட்ட எண்பது ஜி கேக்கல.

நாலு நாள்ல திருத்தின சான்றிதழ் போனுக்கு வந்துருச்சு. செல்வக்குமார். என் பான். பத்தாயிரம். தாள்ல எடுத்து, அதே ராஜாமணி சார் மேசையில டப்புனு வச்சேன்.

"இப்ப சொல்லுங்க சார்!"

பாத்தாரு. "சரியா இருக்கு."

"போன வாரம் ஒரு ஐயாயிரமும் குடுத்திருக்கேன்."

"அது அடுத்த வருசக் கணக்கு."

"பரவால்ல. இந்தப் பத்தாயிரத்துக்கு எவ்வளவு கழியும்?"

"பாதி. ஐயாயிரம்."

"வரியில ஐயாயிரம் கொறையுமா?"

"வருமானத்துல ஐயாயிரம் கொறையும். வரியில ஆயிரத்துச் சொச்சம்."

திராட்சை, பஸ்சு, மாலை, மதியச் சாப்பாடு எல்லாம் மனசுக்குள்ள ஒரு தடவை ஓடுச்சு. போனாப் போகுது. தங்கராசு முன்னாடி சொல்லிக்க ஆயிரம் போதும்.

"அதுவும் பழைய முறையில போட்டாத்தான். நீங்க புது முறையில இருக்கீக. புது முறையில நன்கொடைக்குக் கழிவு கிடையாது."

"அப்ப பழைய முறைக்கு மாத்துங்க!"

"மாத்தலாம். மாத்தினா வரி வரும்."

"வரும்னா? இப்ப?"

"இப்ப உங்க வருமானத்துக்குப் புது முறையில வரி சைபர்."

சான்றிதழத் திருப்பி என் பக்கமா இழுத்துக்கிட்டேன்.

"சார்... நான் வருசா வருசம் ஆடி மாசம் உங்களுக்கு மூவாயிரத்து ஐநூறு அனுப்புறேனே?"

"அது என் ஃபீஸ்."

"அப்ப அந்த பைபாஸ் ரோடு?"

"எந்த பைபாஸ்?"

"ஒண்ணுமில்ல சார்." தாள மடிச்சுக்கிட்டே கேட்டேன். "இத நீங்க முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ரசீது செல்லுமானு கேட்டீக. வரி இருக்கானு கேக்கலையே."

நியாயம்தான். நாப்பத்தாறு வயசு வரைக்கும் நானே அதைக் கேக்கல.

வெளிய வந்து ஆபீஸ் படியில உக்காந்தேன். எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. அவருக்கும் வரி இல்ல, எனக்கும் வரி இல்ல. அந்த ரசீது அவரு பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன? அவரு ஆயுசுல குடுத்ததா ஒரே ஒரு எடத்துல எழுதியிருந்துச்சு. சைபர் ரூபா மிச்சத்துக்கு ஆசைப்பட்டு அதையும் நானே புடுங்கிட்டேன். மனசு கேக்கல. சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், ஹால் சுவத்துலயாச்சும் அப்பா பேரு அப்படியே இருக்கட்டும். அத மாத்த வேணாம்."

"அடடா தம்பி, அன்னைக்குச் சாயந்தரமே காளியப்பன் ஐயா ஈரத்துணி வச்சு ஒரே இழுப்புல உங்கப்பா பேர அழிச்சுட்டாரே. அந்த எடத்துல உங்க பேர எழுதியாச்சு. ரொம்ப ஆசையா ரெண்டு கோட் அடிச்சாரு."

"அமரர்கள்ங்கற தலைப்புக்குக் கீழயா?"

"அதுக்குக் கீழதான் எடம் இருந்துச்சு."

"அத அழிச்சுரலாமே சிஸ்டர்?"

"நீங்க குடுத்த எனாமல்தான் தம்பி. பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுனு நீங்கதான சொன்னீக?"

சொன்னேன். வியாபாரத்துல நான் சொன்ன உண்மை அது ஒண்ணுதான்.

சிஸ்டருக்கே மனசு கேக்கல போல. "உங்க பேருக்குக் கீழ அப்பா பேரையும் எனாமல்லயே எழுதச் சொல்றேன். வருத்தப்படாதீக."

"எழுதச் சொல்லுங்க சிஸ்டர். காளியப்பன் ஐயாவுக்குத் தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டை வந்து சேரும்னு சொல்லுங்க. இந்த வருசத்துக் காலண்டரும் அனுப்புறேன். நாளைக்குச் சாப்பாடும் என்னுதுதான்."

"சந்தோசம் தம்பி. ரசீது யார் பேர்ல போடட்டும்?"

எதுத்த டீக்கடையில தங்கராசு வடையப் பிச்சுக்கிட்டே எவனுக்கோ எண்பது ஜி வெளக்கிக்கிட்டு இருந்தாரு.

"பிளைவுட் தங்கராசு பேர்ல சிஸ்டர். கேட்டுப் பலகையிலயும் அதே பேரு."